ஸ்துதென்காவில் கும்ப யுகம்

மனித நாகரிகத்தின் போக்கைத் தீர்மானித்த ஊர்கள் மூன்றே மூன்று. பாபிலோன், ரோம், ஸ்துதென்கா. முதல் இரண்டின் ஆட்சியும் மண்ணோடு மண்ணாகிவிட்டது. மூன்றாவதில் நகராட்சி இன்னும் இயங்குகிறது, வார நாட்களில் மட்டும், மதியச் சாப்பாடு வரைக்கும்.

பல்கேரிய மலைச்சரிவில் இருக்கும் இந்த ஊரின் பெயருக்குக் குளிர்ந்த ஊற்று என்று பொருள். மூன்று நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும். முதலில் காற்று வரும், பிறகு துரு வரும், அப்புறம் தண்ணீர் வந்து, பெண்கள் இரண்டு வாளி பிடிப்பதற்குள் நின்றுவிடும். மற்ற ஊர்களில் இப்படி நடந்தால் தோண்டிப் பார்த்துக் குழாயை மாற்றுவார்கள். அது குறுகிய பார்வை. ஸ்துதென்காதான் முதல்முதலாக மண்வெட்டியை ஓரமாக வைத்துவிட்டு வானத்தை அண்ணாந்து பார்த்தது. அப்படிப் பார்ப்பதற்கென்றே நகராட்சியில் 'யுகவாரி வளர்ச்சித் துறை' என்று ஒன்று உண்டு.

துறையின் இயக்குநர் வெலிச்கோ தபாகோவ். துறையில் வேறு ஊழியர் யாரும் இல்லை. ஆகவே அங்கே கோஷ்டிப் பூசல் இல்லை, புறங்கூறல் இல்லை. வெலிச்கோ முன்பு குடிநீர்ப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தவர். குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்பது அப்போது அவருக்குத் தெரியும். இயக்குநரான பிறகு அந்தச் சின்ன விஷயங்களிலிருந்து மனம் விலகிவிட்டது. நல்ல மனிதர். தான் சொல்வதைத் தானே நம்புகிறவர். அரசு அலுவலகங்களில் இந்தக் குணம் அரிது.

துறைக்கு ஞானம் வழங்கியவர் 'டாக்டர்' ஓர்லின். அவர் உண்மையிலேயே டாக்டர்தான், மாட்டு டாக்டர். ஊரில் மாடுகள் தீர்ந்துபோனதும் வானத்து ரிஷபத்தைக் கவனிக்க ஆரம்பித்தார். அவர் கண்டு சொன்னது இது. வானம் மெல்ல மெல்லப் பின்னோக்கித் திரும்புகிறது. ஒவ்வொரு ராசிக்கும் இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷம் ஆட்சி. ரிஷப யுகத்தில் மனிதன் உழக் கற்றான். மேஷ யுகத்தில் முட்டி மோதக் கற்றான். மீன யுகத்தில் வாயைத் திறந்து திறந்து மூடக் கற்றான், நகராட்சி மன்றங்கள் தோன்றின. அடுத்து வரப்போவது கும்பம், அதாவது தோளில் குடத்தைச் சாய்த்து நீர் வார்க்கிறவர். ஆகத் தண்ணீர் என்பது கும்பத்தின் இலாகா. மீன யுகம் முடியுமுன்னே குழாயில் கை வைத்தால் அது 'அதிகார வரம்பு மீறல்'.

இதைக் கேட்ட அன்றே மேயர் ரங்கேல் குழாய் வேலையை நிறுத்திவைத்தார். சட்டத்தை மதிக்கும் மேயர் அவர்.

காலிக் குடத்தோடு வாசலில் வந்து நின்றவர்களுக்கெல்லாம் வெலிச்கோ எழுந்து நின்று பதில் சொல்வார். "நாகரிகம் மெதுவாத்தான் வளரும். அவசரப்பட்டா ஆகுமா?" கேட்டவர்கள் வாயடைத்துப் போவார்கள். ஒரே ஒருத்திதான் அடைபடவில்லை. அவள் அவருடைய மனைவி தோன்கா.

"ஏன்யா, அந்தக் காலத்து ரோம்காரன் போட்ட மண்குழாய் நம்ம மியூசியத்துல இருக்கே, அதுல தண்ணி வந்துச்சா வரலையா?"

"வந்துச்சு."

"அது என்ன யுகம்?"

வெலிச்கோ மனசுக்குள் கணக்குப் போட்டார். "மேஷம் முடிஞ்சு மீனம் ஆரம்பிச்ச சமயம்."

"அப்ப மீனுல குத்தமில்ல. உங்க ஆளுங்ககிட்டதான் குத்தம்."

"தோன்கா, உனக்கு ஆயிரம் வருஷக் கணக்கு பிடிபடாது."

"எனக்கு அக்டோபர் கணக்கு பிடிபடும். இஸ்க்ரா பிள்ளையத் தூக்கிட்டு வர்றா. தொட்டிக்குத் தண்ணி வேணும். அதைச் சொல்லு."

விஷயம் இதுதான். இஸ்க்ரா இவர்களின் ஒரே மகள். வெளிநாட்டில், வேலென்சியாவில் வேலை, அங்கேயே கல்யாணம், அங்கேயே பிரசவம். முதல் குழந்தை, பையன். ஞானஸ்நானம் சொந்த ஊரில்தான் என்று பிடிவாதமாக இருந்தாள். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அங்கே ஏதோ ஒரு பெயரை எழுதி வைத்திருந்தார்கள். அது காகிதத்துக்கு. கோவில் தொட்டியில் வைக்கிற பெயர்தான் பெயர், அந்தப் பெயர் தாத்தாவுடையது. வெலிச்கோ என்று இன்னொருவன் இந்த உலகத்தில் நடமாடப் போகிறான் என்ற நினைப்பில் இயக்குநருக்குச் சில நாட்களாக இருப்புக்கொள்ளவில்லை. சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து, "டேய் வெலிச்கோ, இங்க வாடா" என்று கூப்பிட்டுப் பழகினார். குழந்தையை போனில்தான் பார்த்திருந்தார், இன்னும் ஒருமுறைகூடத் தூக்கவில்லை.

சிக்கல் தொட்டியில் இருந்தது. தலையில் நாலு சொட்டுத் தெளிக்கிற வழக்கம் அங்கே கிடையாது. பிள்ளையை மூன்று முறை முழுசாக முக்கி எடுப்பார்கள். கோவில் குழாயும் மீன யுகத்துக் குழாய்தான். "தண்ணிய நீங்களே கொண்டாந்துருங்கம்மா" என்று பாதிரியார் சொல்லிவிட்டார். இஸ்க்ராவும் போனில் கண்டிப்பாகச் சொன்னாள். "தண்ணி இல்லேன்னா சொல்லிடும்மா. பிளாவ்திவ் டவுன்ல சித்தி வீட்டுல வச்சுக்கலாம். புள்ளைக்குப் பால் புட்டி கழுவக்கூட வழியில்லாத ஊருல நான் தங்க மாட்டேன்."

தோன்கா இல்லையென்று சொல்லவில்லை. இலையுதிர்காலத்தில் எல்லா வீட்டிலும் முட்டைக்கோஸ் ஊறப்போடும் நீல பிளாஸ்டிக் பீப்பாய் இருக்குமே, அதை எடுத்து வெளியில் போட்டாள். அந்த வருஷம் அந்த வீட்டில் முட்டைக்கோஸ் ஊறுகாய் இல்லை. சோடா போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், வெயிலில் கவிழ்த்தாள். அப்புறம் மலைமேல் இருக்கும் சிற்றாலயத்து ஊற்றுக்கு இரண்டு கேனோடு நடந்தாள். விடிந்ததும் ஒரு நடை, பொழுது சாய ஒரு நடை. மூட்டுவலிக்காரி. வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து வருவாள். பீப்பாய் கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்தது. அவள் கேனை இறக்கி வைக்கும்போது வெலிச்கோ சில சமயம் அறிக்கையிலிருந்து தலையைத் தூக்கி, "பார்த்து, பார்த்து" என்பார்.

இதே நாட்களில் நகராட்சி மன்றம் வரலாற்றுச் சிறப்புமிக்க அவசரக் கூட்டத்தைக் கூட்டியது.

"டாக்டர், கும்பம் எப்ப வருது? தேதியச் சொல்லுங்க" என்றார் மேயர்.

"புத்தகத்துக்குப் புத்தகம் மாறுதுங்க. ஒருத்தர் இன்னும் நூறு வருஷத்துக்கு மேலங்கிறார். இன்னொருத்தர் அறுநூறுங்கிறார்."

"தேர்தல் இந்த மாசக் கடைசியிலய்யா! அதுக்கப்புறம் வர்ற யுகம் எனக்கு எதுக்கு?"

மன்றத்தின் ஒரே எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்தார். "தேர்தல் நேரத்துல யுகம் மாத்துறது விதிமீறல். வாக்காளருக்கு ஆசை காட்டுற செயல்."

"உன்னை யாரு தடுத்தா? நீயும் ஒரு ராசியக் கொண்டு வா" என்றார் மேயர்.

எதிர்க்கட்சி யோசித்தது. கைவசம் ராசி எதுவும் இல்லாததால் உட்கார்ந்துவிட்டது. தீர்மானம் வாசிக்கப்பட்டது: 'கும்ப யுகமானது புனித திமிதர் திருநாளன்று காலை, பேருந்து நிற்கும் சதுக்கத்தில் தொடங்கும். மழை பெய்தால் கலாசார மன்றத்தின் உள்ளே தொடங்கும்.' எல்லாக் கைகளும் உயர்ந்தன. கோள்களின் சம்மதம் பின்னர் பெறப்படும் என்று ஒரு திருத்தத்தை வெலிச்கோ சேர்த்தார். அதுவும் நிறைவேறியது.

அப்போதுதான் பென்கா கையைத் தூக்கினாள். நாட்டுப்புறப் பாடற்குழுவின் தலைவி, மன்ற உறுப்பினரும்கூட. சம்பிரதாயம் என்று வந்தால் அவளை மிஞ்ச ஆள் இல்லை. "தண்ணிக் குடம் உதைக்காம எதையும் ஆரம்பிக்கக் கூடாது. வெளங்காது."

அந்த மலைநாட்டில் யார் வீட்டை விட்டு முதல் அடி எடுத்து வைத்தாலும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையோ, பட்டாளத்துக்குப் போகிற பையனோ, புருஷன் வீட்டுக்குப் போகிற பெண்ணோ, வாசலில் செப்புக் குடம் நிறைய நீர் வைத்து, ஜெரேனியம் பூச்செடியின் கிளை செருகி, காலால் உதைத்துச் சாய்ப்பார்கள். போகிறவர் அந்த ஈரத்தைத் தாண்டிப் போக வேண்டும். போகிற காரியம் தண்ணீர் மாதிரித் தடையில்லாமல் ஓடும்.

"அது கிளம்பிப் போறவங்களுக்கு" என்றார் ஓர்லின். "யுகம் வருதும்மா. போகல."

"எங்கேருந்தாவது கிளம்பித்தானே வரணும்?"

மன்றம் இந்த வாதத்தின் வலிமையை ஒப்புக்கொண்டது. உதைக்கும் பொறுப்பை மேயர் தன் காலில் ஏற்றுக்கொண்டார். நீருக்கான பொறுப்பு வெலிச்கோவின் தலையில் விழுந்தது.

சதுக்கத்தில் கும்பத்தின் சிலை எழும்பியது. தோளில் குடம் சாய்த்த கான்கிரீட் ஆண்மகன், முகம் மட்டும் மேயருடையது. புதுக் குழாய் பதிக்க ஐரோப்பிய ஒன்றியம் அனுப்பிய நிதியில் கட்டியதாகச் சிலர் வம்பு பேசினார்கள். சிலைக்குள்ளே முழ நீளத்துக்கு ஒரு குழாய் இருந்தது. ஆகவே நிதி குழாய்க்குத்தான் போனது என்று வெலிச்கோ எழுதி அனுப்பினார், அங்கேயும் ஏற்றுக்கொண்டார்கள்.

திருநாள் காலையில் தீயணைப்பு வண்டி வந்தது. அதிலிருந்துதான் சிலைக்கு நீர் ஏற்ற ஏற்பாடு. வண்டியைத் தட்டிப் பார்த்தார்கள், டங்கென்றது. விடியற்காலையில் பக்கத்துக் கிராமத்தில் ஒரு வைக்கோல் போர் எரிந்ததாம். யுகப் பிரக்ஞை இல்லாத தீயணைப்பாளர்கள் எல்லாவற்றையும் அதன்மேல் அடித்துத் தீர்த்துவிட்டார்கள்.

மேயர் வெலிச்கோவை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "டி.வி.க்காரன் வந்துட்டான். குடம் காஞ்சு கெடந்துச்சுன்னா உன் துறை இன்னிக்கே காலி. வேற எங்கயாவது தண்ணி இருக்கா இல்லையா?"

"இருக்கு" என்று வாய் சொல்லிவிட்டது. மனசு பிறகுதான் கேட்டது.

ஞானஸ்நானம் அன்று மாலைதான். தோன்கா கோவிலில் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் பீப்பாய் மூடி போட்டு, மேலே ஒரு வெள்ளைத் துணியும் போர்த்தி நின்றது. வெலிச்கோ அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். ஒரு குழந்தையின் ஞானஸ்நானமா, மனித குலத்தின் ஞானஸ்நானமா? மனித குலம் ஜெயித்தது. அதுமட்டுமல்ல, பதினொரு மணிக்கு யுகம் தொடங்கிவிட்டால் மதியத்துக்குள் எல்லாக் குழாயிலும் நீர் கொட்டப் போகிறது. பீப்பாயைத் திரும்ப நிரப்பிவிடலாம், தோன்காவுக்குத் தெரியக்கூடத் தெரியாது. அவர் திருடவில்லை ஐயா, மனமார நம்பினார். நகராட்சி டிரைவரும் அவருமாகப் பீப்பாயை உருட்டி வண்டியில் ஏற்றினார்கள். வெள்ளைத் துணியை மடித்து மேசைமேல் வைத்துவிட்டுத்தான் போனார்.

சதுக்கத்தில் ஊரே கூடியிருந்தது. மேடையில் மேயருக்குப் பக்கத்தில் வெலிச்கோ நின்றார். பிளாவ்திவ் பஸ் வந்து நின்றது. இறங்கியவர்களில் இஸ்க்ராவைக் கண்டுகொண்டார். மார்போடு ஒரு பொட்டலம், பொட்டலத்தின் உச்சியில் மஞ்சள் குல்லாய். தோன்கா ஓடிப் போய்க் கட்டிக்கொண்டாள். இறங்கலாமா என்று வெலிச்கோ ஒரு காலை எடுத்து வைத்தார்.

மேயர் அவர் முழங்கையைப் பிடித்தார். "கேமரா ஓடுது. அசையாதே."

அவர் அசையவில்லை. கையை மட்டும் இடுப்புக்குக் கீழே லேசாக ஆட்டினார்.

"பெருமக்களே!" என்று மேயர் தொடங்கினார். "ரோம் ஒரே நாளில் எழும்பியதா? இல்லை. ஆனால் நமது ஸ்துதென்கா இன்று காலை..." அவர் முடிக்குமுன்னே டிரைவர் அவசரப்பட்டுப் பீப்பாயில் இணைத்திருந்த மோட்டாரைப் போட்டுவிட்டான். கான்கிரீட் குடத்திலிருந்து தண்ணீர் விழுந்தது. பாண்டு வாத்தியம் முழங்கியது. சிலர் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், ஊருக்குள் அவ்வளவு தண்ணீர் ஒன்றாக விழுந்து பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது.

பிறகு முன்வரிசையில் ஒருவர் மூக்கைச் சுளித்தார். அடுத்தவரும் மோந்து பார்த்தார்.

"இது என்ன வாசனை?"

"முட்டைக்கோஸ் ஊறுகாய்டா!"

"வானத்துல ஊறுகாய் போடுறாங்களா?"

சிரிப்பு சதுக்கத்தைச் சுற்றி வந்தது. தோன்கா மட்டும் சிரிக்கவில்லை. சோடாவும் சாம்பலும் போட்டுத் தேய்த்தவளுக்குத் தெரியாதா அந்த வாசனை? சிலையைப் பார்த்தாள். சிலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்த நீல விளிம்பைப் பார்த்தாள். பிறகு மேடையில் நின்ற புருஷனைப் பார்த்தாள். அவர் டி.வி. கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஸ்க்ரா, பெட்டிய இறக்கிட்டியா?"

"ஆமாம்மா. ஏன்?"

"திருப்பி ஏத்தலாம். கொஞ்சம் பொறு."

பென்கா செப்புக் குடத்தைக் கொண்டுவந்து பஸ்ஸுக்கும் மேடைக்கும் நடுவில் வைத்தாள். அதே பீப்பாயின் நீர், மேலே பச்சை ஜெரேனியம். மேயர் இறங்கி வந்தார், பளபளக்கும் பூட்ஸால் ஓங்கி உதைத்தார். குடம் உருண்டது. தண்ணீர் கற்களின்மேல் பரவியது.

எல்லோரும் காத்திருந்தார்கள். ஈரத்தைத் தாண்டி யாராவது அடி எடுத்து வைக்க வேண்டுமே! யுகத்துக்குக் கால் உண்டா என்று மன்றத்தில் யாரும் விவாதித்திருக்கவில்லை. பாண்டு வாத்தியம் ஒன்றிரண்டு தரம் தடுமாறி நின்றது. "யாராவது தாண்டுங்களேன், அபசகுனமாப் போகும்" என்று பென்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

தோன்கா பெட்டியைத் தூக்கினாள். மகளின் தோளில் கை போட்டாள். ஈரத்தின்மேல் காலை வைத்து, பஸ்ஸைப் பார்க்க நிதானமாகத் தாண்டினாள்.

"வெலிச்கோ, தண்ணி நல்லாத்தான் ஓடுது" என்று மேடையைப் பார்த்துச் சொன்னாள். "நாங்க கெளம்புறோம்."

"தோன்கா, ஒரு நிமிஷம்... மத்தியானத்துக்குள்ள குழாய்ல..."

"உனக்கு ஆயிரம் வருஷம் இருக்குய்யா. புள்ளைக்கு இல்ல."

இஸ்க்ரா அப்பாவை ஒருமுறை பார்த்தாள். மஞ்சள் குல்லாய் பஸ் படியில் ஏறி மறைந்தது.

தண்ணீர் கொட்டிய வழியை வீணாக்க அந்த ஊர் ஜனங்களுக்கு மனம் வராது. மருந்துக்கடைக்காரி தன் பையைப் பார்த்தாள், ஈரத்தைப் பார்த்தாள், தாண்டினாள். போகலாமா வேண்டாமா என்று நெடுநாளாகத் தவித்துக்கொண்டிருந்த கணக்கு வாத்தியாரும் அவர் மனைவியும் கைகோத்துத் தாண்டினார்கள். பிறகு இளசுகள் கூட்டமாக. ஊர்வலம் என்று நினைத்து மேயர் கைதட்டினார், டி.வி.க்காரன் படம் பிடித்தான். உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே ஜனம் போனது. பஸ் போன பிறகு சதுக்கத்தில் கல் காய ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை தேர்தலில் மேயர் ரங்கேல் அமோக வெற்றி பெற்றார். எதிர்த்து ஓட்டுப் போடக்கூடியவர்கள் ஏறக்குறைய அனைவரும் அந்த பஸ்ஸில் போயிருந்தார்கள். திங்களன்று யுகத்தின் சாதனைகளை ஆராய மன்றம் கூடியது. குழாயில் காற்று வந்திருந்தது, கும்பம் காற்று ராசி என்று 'டாக்டர்' ஓர்லின் விளக்கம் தந்தார். பலத்த கைதட்டல்.

வெலிச்கோவின் போன் அதிர்ந்தது. இஸ்க்ரா அனுப்பியிருந்தாள்.

'பேர் வச்சாச்சுப்பா. தோன்ச்சோ. அம்மா பேர்தான், ஆம்பளைப் பேரா மாத்தி. இங்கே குழாயைத் திறந்தாலே தண்ணி வருதுன்னு எவ்வளவு சொன்னாலும் அம்மா நம்பலை. ரெண்டு கேன்ல பிடிச்சுக் கோவில் வரைக்கும் சுமந்துக்கிட்டே வந்தாங்க.'

கீழே ஒரு படம். ஈரத் தலையோடு வாயைப் பிளந்து அழும் பிள்ளை. வெலிச்கோ அதை விரலால் பெரிதாக்கினார். மூக்கு தன் மூக்கு மாதிரியே இருந்தது. பெயர்தான் இல்லை.

"இயக்குநரே!" என்றார் மேயர். "யுகம் வந்ததுக்கு அத்தாட்சியா ரெண்டு வார்த்தை சொல்லுங்க. குறிப்புல ஏத்தணும்."

வெலிச்கோ எழுந்தார். வழக்கம்போல் தொண்டையைச் செருமினார்.

"வந்தது நெசந்தானுங்க. இன்னிக்கு நேத்திக்கு வரல. முப்பது வருஷத்துக்கு மேல என் வீட்டுலயே இருந்துச்சு. மூட்டுவலியோட மலையேறி ரெண்டு கையிலயும் தண்ணி சுமந்துச்சு. நான் அறிக்கை எழுதிக்கிட்டு இருந்தேன், தலையத் தூக்கிப் பாக்கல. கடைசியில நாம எல்லாருமாச் சேர்ந்து குடத்த உதைச்சு, பாண்டு வாசிச்சு, கைதட்டி, பிளாவ்திவ் பஸ்ஸுல ஏத்தி அனுப்பி வச்சுட்டோம்."

எதிர்க்கட்சி உறுப்பினர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அருமை" என்றார் மேயர். "இத அப்படியே தீர்மானமாப் போடுங்க. ஆதரிக்கிறவங்க கையத் தூக்குங்க."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.